முகூர்த்த நாளில் ஐந்து பேர்

சம்பளம் இல்லாமல் வேலை செய்ய ஆள் பிடிப்பதுதான் என் சம்பள வேலை. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய அரசுப் பூங்காவுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்க வேண்டும். காலை நடைக்கு வருகிறவர்களைத் துரத்திப் பிடிப்பேன். மயிலாப்பூர் குளக்கரையில் நின்று நோட்டீஸ் கொடுப்பேன். பெருங்குடி கம்பெனிகளின் வாசலில் செக்யூரிட்டியிடம் திட்டு வாங்குவேன். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோவில் வரிசையில் நிற்பவர்களிடம்கூடப் பேசியிருக்கிறேன். எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான், "கண்டிப்பா வரேன்." இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சொல்லித் தொலைத்தால் நான் வேறு ஆளைப் பார்ப்பேன்.

அந்தத் தை மாதம் எனக்கு ஐந்து பேர் வேண்டியிருந்தது. மாநகராட்சிப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் கூழைக்கடாப் பறவைகளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. உள்ளே ஓடை ஆழம். அதனால் எட்டுப் பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர் இருந்தால்தான் கேட் திறக்கும். கார்த்திகையில் இதே பிள்ளைகள் வந்தபோது காலையில் லேசாகத் தூறியது. வருவதாகச் சொன்னவர்களில் ஒருவர்கூட வரவில்லை. பிள்ளைகள் கேட் கம்பிகளுக்கு நடுவில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். தலைமை ஆசிரியை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் அனுப்ப மாட்டேன் மேடம். வீட்டுக்குப் போய் அதுங்க என்ன சொல்லும், சொல்லுங்க," என்று மட்டும் கேட்டார்.

அதனால் இந்த முறை நான் உஷாராக இருந்தேன். ஐந்து பேர் போதும் என்ற இடத்தில் ஒன்பது பேரிடம் வாக்கு வாங்கினேன். மயிலாப்பூர் நடைக் குழுவில் பெரியவர் ஒருவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் மாமா. அவர் தன் குழுவையே கூட்டி வருவதாகச் சொன்னார். தேதியையும் நன்றாகப் பார்த்துத்தான் குறித்தேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் தொங்குவது சாந்தோம் சர்ச், எங்கள் பங்குக் கோவில், கொடுத்த காலண்டர். அந்த ஞாயிறு திருவிழா இல்லை, தவக்காலமும் தொடங்கவில்லை. நிம்மதியாக ஒரு வட்டம் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பைனாகுலர்களின் வார்களை எல்லாம் பிள்ளைகளின் கழுத்துக்கு ஏற்றபடி முடிச்சுப் போட்டுச் சுருக்கினேன்.

ஞாயிறு காலை ஆட்டோவில் வரும்போதுதான் மந்தைவெளி முனையில் வாழைமரம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். அடுத்த தெருவிலும் வாழைமரம். அதற்கடுத்த மண்டபத்தில் நாதஸ்வரம். "இன்னா இது, தெருவுக்குத் தெரு கல்யாணம்?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா, தெரியாதா? மார்கழி முச்சூடும் ஒண்ணும் இல்ல. தை பொறந்து மொத நாயித்துக்கெழம முகூர்த்தம். எனக்கே உன்ன வுட்டுட்டு நாலு சவாரி கீது," என்றான் ஆட்டோக்காரன்.

பிறந்ததிலிருந்து மயிலாப்பூரில் இருக்கிறேன். சாந்தோம் மணிச் சத்தத்தில் எழுந்து, கபாலி கோவில் மணிச் சத்தத்தில் பள்ளிக்கூடம் போனவள். எங்கள் காலண்டரில் முகூர்த்த நாள் போட மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

எட்டரை மணிக்குப் பூங்கா வாசலில் நான் மட்டும் நின்றேன். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். ஒருவர் மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், மாமாவும் அங்கேதான் என்றார். இன்னொருவர் போனில் நாதஸ்வரம்தான் கேட்டது. எங்கள் பங்கு ஆட்களைக் கூப்பிடலாம் என்றால் எல்லாரும் சர்ச்சில் பூசையில் இருந்தார்கள், போன்கள் அணைந்திருந்தன. பக்கத்துக் குப்பத்துக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரம்மாவிடம் போய் ஒரு மணி நேரம் வா என்று கேட்பதற்கு எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "வாரத்துல இந்த ஒரு நாளுதான்மா யாவாரம்," என்றார் அவர், செதில் சீவுவதை நிறுத்தாமல்.

திரும்பி வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்திருந்தார்கள். என் கூட எட்டுப் பேரையாவது உள்ளே விடலாமா என்று கேட்டேன். "எந்த எட்டுப் பேரைன்னு நீங்களே போய் பஸ்ல சொல்லுங்க மேடம்," என்றார் தலைமை ஆசிரியை. என்னால் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

மாமா இருந்த மண்டபம் மந்தைவெளியில்தான். டிபன் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். பக்கத்தில் நின்ற பட்டுப்புடவை என்னை முறைத்து, "இந்த எடத்துக்கு நான் அப்போலேர்ந்து நின்னுண்டிருக்கேன்," என்றது. எனக்கு இடம் வேண்டாம், இந்த ஆள்தான் வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"மாமா, பஸ் வந்துடுச்சு. பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க. இப்பவே வாங்க மாமா."

"அடடே, நீயா. உக்காரு, பொங்கல் நன்னாருக்கு." இலையிலிருந்து நிமிர்ந்தார். "இப்பவே எப்படிம்மா வரது? என் மச்சினன் பொண்ணு கல்யாணம். தாலி கட்டி முடியட்டும், அட்சதை போட்டுட்டு, சாப்டுட்டு வந்துடறேன். இவாள்லாம்கூட வரா." அதே வரிசையில் நடைக் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஒருவர் எனக்கு வடை காட்டிக் கையசைத்தார்.

"கல்யாணம் இருக்குன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு சொல்லலை. வரேன்னா வருவேன், நீ போ."

அந்த மனிதரின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இலையோடு இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

நான் திரும்பி வருவதற்குள் அரை மணி தாண்டிவிட்டது, பஸ் கிளம்பி, திரும்புவதற்காகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு பெண் குழந்தை எனக்கு டாட்டா காட்டினாள். அவளுக்குப் பூங்கா இவ்வளவுதான் என்று தோன்றியிருக்கும். நானும் கை காட்டினேன். பிறகு செக்யூரிட்டி அறையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். தலைமை ஆசிரியைக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக இறங்கினார்கள். ஆளுக்கொரு தாம்பூலப் பை, வாயில் வெற்றிலை. மாமா முன்னால் வந்தார். "பார்த்தியா, சொன்னபடி எல்லாரையும் கூட்டிண்டு வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து ஒரு பைனாகுலரை எடுத்துத் தலையில் மாட்டினார். வார் காதுக்குக் கீழே இறங்கவில்லை.

"இந்த முடிச்சைக் கொஞ்சம் அவுத்துக் குடேம்மா."

"அவுக்க மாட்டேன் மாமா. அது பிள்ளைங்க அளவுக்குப் போட்டது."

அப்போதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார். "கொழந்தைகள்லாம் எங்கே?"

"திரும்பிப் போயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க."

காதில் மாட்டிய வாரை மெல்லக் கழற்றினார். "அதான் நாங்க வந்துட்டோமே," என்றார், குரல் இறங்கி.

வந்துதான் இருந்தார்கள். ஐந்து பேர் வேண்டிய இடத்தில் ஒன்பது பேர்.