இந்தப் பத்தியில் என்ன சொல்லியிருக்கு?

எட்டு வயதுப் பிள்ளையின் கையில் ஐந்து வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்து, படித்து முடித்ததும் "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கேட்பவர்களுக்கு லேசான வேலையாகத்தான் தெரியும். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர்கள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

முன்பு தமிழாசிரியையாக இருந்தேன். இப்போது ஆறு வருடமாக, விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியிலோ பஸ்ஸிலோ கிளம்பி, மாவட்டத்தின் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளுக்குப் படித்தது புரிகிறதா என்று பார்த்து எழுதுகிறேன். பையில் பத்தி அச்சடித்த அட்டைகள் இருக்கும். கூடவே விடைக்குறிப்பும் படிவமும். படிவத்தில் மூன்றே கட்டம்: 'புரிந்துகொள்கிறார்', 'உதவியுடன் புரிந்துகொள்கிறார்', 'புரிந்துகொள்ளவில்லை'. உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குள் அடங்கிவிட வேண்டும்.

மூச்சு விடாமல் படித்த பெண்

கூட்டேரிப்பட்டு பக்கத்தில் ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்பு ஓவியாவை வகுப்பு டீச்சர் பெருமையாக முன்னால் நிறுத்தினார். "எங்க கிளாஸ்லயே இதுதான் மேடம் ஃபர்ஸ்ட்" என்றார். அவள் அட்டையை வாங்கினாள். வேப்ப மரத்தில் கூடு கட்டிய காகத்தின் கதையை, முற்றுப்புள்ளி எதையும் சட்டை செய்யாமல், ஹைவேயில் போகும் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஒரே மூச்சில் படித்து முடித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்கே கை தட்டலாம் போலிருந்தது.

"சரி, காகம் எங்க கூடு கட்டிச்சி?" என்று கேட்டேன். அவள் அட்டையை நிமிர்த்திப் பிடித்து முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள். முடிக்கும்வரை பொறுத்திருந்து, "நல்லாப் படிச்சம்மா. கூடு எந்த மரத்துல?" என்றேன். மூன்றாவது தடவையாக முதல் வரிக்குப் போனாள். வகுப்பு டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வேப்ப மரத்தைக் கண்ணாலேயே காட்டிக்கொண்டிருந்தார். நான் அட்டையை மெதுவாக வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். ஓவியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"படிக்கச் சொன்னீங்க, படிச்சேன். கேள்வி கேக்கறது வேற பாடம் மிஸ், அது இன்னும் எங்களுக்கு நடத்தல."

அலையும் காற்றும்

மரக்காணத்தைத் தாண்டி, கடலோரக் குப்பம் ஒன்றில் இருக்கும் பள்ளி. அன்றைய அட்டையில், "கடலில் அலை அதிகமாக இருந்தது. அதனால் முருகன் மீன் பிடிக்கப் போகவில்லை. வீட்டில் இருந்தான்" என்று இருந்தது. கேள்வி, முருகன் ஏன் மீன் பிடிக்கப் போகவில்லை? இதைவிடச் சுலபமான கேள்வியை யாராலும் எழுத முடியாது. விடை பக்கத்து வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நிதிஷ் என்ற பையன் அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு, "காத்து ஓவரா இருந்திருக்கும் மிஸ்" என்றான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தான். "தடை போட்டிருப்பாங்க" என்றான். அலை என்று வாய்வரை வந்ததை நான் அடக்கிக்கொண்டு, "அட்டையில என்ன போட்டிருக்கு?" என்றேன். "அலைன்னுதான் போட்டிருக்கு. அலை என்னைக்குத்தான் மிஸ் இல்ல? அலைக்கெல்லாம் பாத்துக்கினு இருந்தா எங்கப்பா வருஷம் பூரா ஊட்லதான் குந்தியிருக்கணும். காத்து திரும்பினாத்தான் போவ மாட்டாரு." பக்கத்தில் இருந்த மற்ற மூன்று பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

விடைக்குறிப்பைப் பார்த்தேன். 'அலை அதிகமாக இருந்ததால்' என்று ஒரே விடை. எழுதியவருக்கு என்னைப் போலவே கடல் தெரியாது. நான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து, நிதிஷுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"உங்களுக்கு அட்டையில இருக்கறத சொல்லணுமா, இல்ல நெசத்த சொல்லணுமா? எதுன்னு சொல்லுங்க மிஸ், அதையே சொல்லிடறேன்."

குடை எங்கே?

சொல்லாமல் விட்டதை ஊகிப்பது கொஞ்சம் கடினமான திறன். அதற்கென்று ஒரு அட்டை உண்டு. மீனா காலையில் குடையோடு பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய தோழி கவிதா நனையவில்லை. குடை எங்கே போயிற்று? தோழிக்குக் கொடுத்துவிட்டாள் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒலக்கூர் ஒன்றியத்துப் பள்ளி ஒன்றில், நல்ல மழைக் காலத்தில், ஜனனி என்ற நான்காம் வகுப்புப் பெண் யோசிக்கவே இல்லை. "டீச்சர் புடுங்கி பீரோவுல வச்சிக்கினாங்க" என்றாள். வகுப்பு டீச்சர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் மாறிவிட்டது. நேராகப் போய் பீரோவைத் திறந்தார். ஒரு பம்பரம், இரண்டு ஹேர் பேண்டு, இவற்றுக்குப் பின்னால் பூப்போட்ட சின்னக் குடை ஒன்று. "போன வாரம் இதை வச்சிக்கினு சண்டை போட்டுது மேடம். சாயங்காலம் குடுத்துடலாம்னு வாங்கினேன், சத்தியமா மறந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஜனனியின் கையில் கொடுத்து, தலையையும் தடவினார். ஒரு வாரமாக நனைந்துகொண்டு போன பெண் அதை ரொம்பச் சாதாரணமாக வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது.

என் வேலையை நான் முடிக்க வேண்டுமே. "சரி, அப்போ கவிதா மட்டும் எப்படி நனையாம போனா?" என்று கேட்டேன்.

"அவங்கப்பா வண்டியில ரெயின்கோட்டு இருக்கும் மிஸ்."

பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

பிள்ளைகளை மட்டும் சொன்னால் நியாயமில்லை. எங்களுக்கும் ஒரு பத்தி வந்தது. மீளாய்வுக் கூட்டம் பற்றிய இரண்டு பக்கச் சுற்றறிக்கை. முதல் பக்கத்திலேயே திண்டிவனம் என்ற சொல் கண்ணில் பட்டது. பத்து பேர் காலையில் அடித்துப் பிடித்துத் திண்டிவனத்தில் போன முறை கூட்டம் நடந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. நம்மை வரவேற்க இவ்வளவு ஏற்பாடா என்று ஒருத்தர் சந்தோஷப்பட்டார். வாட்ச்மேன் வந்து, "பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

கூட்டம் என்றோம். அவர் எங்கள் கையில் இருந்த காகிதத்தை வாங்கி, திருப்பி, இரண்டாம் பக்கத்தைப் படித்தார். "இதுல விழுப்புரம்னு போட்டிருக்குதேங்க" என்றார். முதல் பக்கத்தில் இருந்தது, 'கடந்த கூட்டம் திண்டிவனத்தில் நடைபெற்றதைத் தொடர்ந்து' என்ற வாக்கியம். அதிலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். நானோ விழுப்புரத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் பஸ்ஸில் எதிர்த்திசையில் வந்தவள். மறுபடியும் பஸ் ஏறினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாதி தூரத்தில், என்னோடு வேலை பார்க்கும் ஏழுமலை சார் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"வாட்ச்மேன் படிச்சிச் சொல்லித்தானே தெரிஞ்சுது மேடம், நமக்கு 'உதவியுடன்' போட்டுடலாமா?"

தலைப்பு வைத்தவன்

திண்டிவனம் ஊருக்குள்ளேயே ஒரு பள்ளி. படித்த கதைக்குத் தலைப்பு வைக்கச் சொல்வது, மையக் கருத்து பிடிபட்டதா என்று பார்க்க. ஒருவனுடைய ஆடு காணாமல் போகிறது. தெருத் தெருவாகத் தேடி, கடைசியில் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கண்டுபிடிக்கிறான். 'ஆடு' என்று ஒரு பிள்ளை எழுதியது. 'காணாமல் போன ஆடு' என்று நான்கு பிள்ளைகள். விடைக்குறிப்பிலும் அதுதான்.

ஒரே ஒருவன் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்து ஒரு வரி எழுதிக் கொடுத்தான். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். தப்பாகிவிட்டதோ என்று பயந்து, தாளை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

"நாளையிலிருந்து கட்டிப் போட வேண்டும்."

தர்ஷினி

இதுவரை சொன்னதை எல்லாம் நான் கூட்டங்களில் சிரித்துக்கொண்டே சொல்வேன். இதைச் சொல்ல மட்டும் எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மூன்றாம் வகுப்பில் தர்ஷினி என்ற பெண்ணிடம் அட்டையைக் கொடுத்தேன். அவள் அதையே பார்த்தாள். உதடு நடுங்கியது, சத்தம் வரவில்லை. இரண்டு நிமிஷம் காத்திருந்துவிட்டு 'புரிந்துகொள்ளவில்லை' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர், "இதுக்கு வேணாம் மேடம், உங்களுக்கு டைம் வேஸ்ட்டு. விழுப்புரத்துல சிறப்புப் பள்ளியில சேக்கறதுக்கு ஃபார்ம் ரெடி பண்ணிட்டேன். அவங்கப்பா இன்னைக்கு வந்து கையெழுத்துப் போடறாரு" என்றார். நல்லது நினைத்துத்தான் செய்தார். விண்ணப்பத்தோடு இணைத்திருந்த நகலைப் பார்த்தேன். போன வருடம் நான் போட்ட டிக். கீழே என் கையெழுத்து.

மதியம் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சத்துணவு சமைக்கும் பச்சையம்மாளிடம் சும்மா பேச்சுக்கு, அந்தப் பெண்ணைக் காட்டி, "பாவம், படிப்பே வரலையாமே" என்றேன். பச்சையம்மாள் கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு, இதுவா? முந்தா நாளு போர்டுல மெனு மாத்தாம பழசையே வுட்டுட்டேன் மிஸ். சாம்பார் சாதம்னு இருக்குது, நான் கிண்டனது லெமன் சாதம். அத்தினி புள்ளைங்க போச்சி வந்துச்சி. இது ஒண்ணுதான் என் புடவையப் புடிச்சி இழுத்து, போர்டைக் காட்டி, அண்டாவைக் காட்டி, இல்லன்னு கைய ஆட்டிச்சி."

தர்ஷினி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். வகுப்புக்குப் போய், ஒரு துண்டுத் தாளில், "மேசைமேல் உள்ள அட்டைகளில் நீல அட்டையை மட்டும் எடுத்து ஜன்னலில் வை" என்று எழுதிக் கொடுத்தேன். தர்ஷினி படித்தாள். எழுந்து போய் வைத்தாள். பிறகு பத்தியையும் கேள்விகளையும் கொடுத்து, பேச வேண்டாம், எழுது என்றேன். ஐந்து கேள்விக்கும் எழுதினாள். ஊகித்துச் சொல்ல வேண்டிய கடைசிக் கேள்விக்கு இரண்டு வரி. பேச்சுதான் அவளுக்குத் திக்கியது. போன வருடம் அந்த இரண்டு நிமிஷமும் அவள் மனசுக்குள் முழுப் பத்தியையும் படித்து முடித்துவிட்டு, முதல் எழுத்தை வெளியே கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடைத்தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் அப்பா வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம்; காலெல்லாம் செம்மண். வந்ததும் வராததுமாக, "எங்க மிஸ் கையெழுத்துப் போடணும்?" என்றார். போன வருடம் தப்பாக எழுதியது நான்தான் என்று முதலில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. பேனாவைக் கொடுத்து, "நீங்களே எதாவது எழுதி உங்க பொண்ணுகிட்ட குடுங்க" என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'வண்டியில பை இருக்கு. தண்ணி பாட்டில் எடுத்துகினு வா. பைய மூடிட்டு வா' என்று எழுதினார். தர்ஷினி படித்துவிட்டு வெளியே ஓடினாள். பாட்டிலோடு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். நாங்கள் மூன்று பேரும் அவசரப்படாமல் நின்றோம். "ஜி... ஜிப்பு... அறுந்து போச்சிப்பா. மூட... முடியல."

தலைமையாசிரியர் விண்ணப்பத்தின் குறுக்கே கோடு போட்டார். வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதற்கும், வகுப்பில் அவள் எழுதிப் பதில் சொல்வதற்கும் அப்போதே உட்கார்ந்து எழுதினோம். நான் என் பழைய டிக்கை அடித்து நீக்கிவிட்டு, பக்கத்தில் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா தண்ணீரைக் குடிக்கவே இல்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, கோடு போட்ட விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பின்னால வெள்ளையாத்தான இருக்கு மிஸ், ஊட்ல இதுல எழுதி எழுதி இதுகிட்ட பேசலாம்."

ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பரீட்சை வைத்ததில் பிள்ளைகள் எவ்வளவு தேறினார்கள் என்பதைப் படிவம் சொல்லிவிடும்; நான் கொஞ்சம் தேறியிருக்கிறேன் என்பதை எழுதத்தான் அதில் யாரும் கட்டம் போட்டு வைக்கவில்லை.