மலையக்காவின் செத்தவீடு

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் செய்தி வந்தது. மொன்ட்ரியாலில் எங்கள் தொழிற்சாலை வானொலி பிரெஞ்சில் ஏதோ சொல்ல, என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு விளங்கும் செல்வம் அண்ணை சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, மலையக்காவின்ர பேர் சொல்லுறாங்கள். மலையடி முகாமுக்குள்ள ஆயுதக்காரர் பூந்து, ஏற வந்த வெளிநாட்டுக்காரரைக் கூடாரத்தால வெளியில கூப்பிட்டுச் சுட்டுப்போட்டாங்களாம்."

"றோட்டே இல்லாத இடத்துக்கு ஆர் துவக்கோட போறது?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நாங்கள் இருவரும் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அது போகாத இடம் ஒன்றாவது இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கூட வேலை செய்த மற்றவர்களுக்கு அவர் மொனிக். மலையக்கா என்பது நாங்கள் வைத்த பட்டம். ஸ்லீப்பிங் பாக் தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் நான் வாத்து இறகு அடைப்பேன், பக்கத்து மேசையில் அவர் ஜிப் தைப்பார். முதல் நாள் நான் விடாமல் தும்மியதைப் பார்த்துவிட்டு, தன் முகமூடியைக் கழற்றித் தந்தார். இரண்டு வருடம் ஓவர்டைம் செய்வார், பிறகு ஏதாவது மலைக்குப் போய்விடுவார். ஏறி என்னத்தைக் கண்டீர்கள் என்று சீண்டினால், "மேலே என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை" என்பார். குடிவரவு அலுவலகத்தில் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருந்த எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் என் அண்ணா செத்த செய்தி வந்தபோது, செயின்ட்-மிஷேலில் நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டுக்கு ஒரு சட்டி பட்டாணி சூப்போடு வந்தார். எங்களோடு தரையில் ஒரு மணித்தியாலம் இருந்தார். எழும்பி, விடைபெற வாய் திறந்தபோது செல்வம் அண்ணை கையைக் காட்டி மறித்தார். செத்தவீட்டில் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது, இன்னொரு சாவுக்கு வருவதாகிவிடும், பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் போகவேண்டும் என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினார். மலையக்கா தலையாட்டிவிட்டுப் போனார். யன்னலால் பார்த்தேன். பஸ் வரும்வரை பனிக்குள் நின்றவர் ஒருமுறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்களே அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை.

இந்தமுறை அவர் கொண்டுபோன ஸ்லீப்பிங் பாக்குக்கு நான்தான் இறகு அடைத்தேன். மேற்பார்வையாளர் பார்க்காத நேரம் ஒரு பிடி கூடப் போட்டேன். "கவனம், அக்கா" என்றேன். "மலைக்கு யார்மேலும் கோபமில்லை" என்றார். அந்த இறகின் கதகதப்புக்குள் இருந்துதான் அவரை வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள்.

மொன்ட்ரியால்-நோரில் அவருடைய வயதான தாய் தனியே இருக்கிறார். அந்த ஞாயிறு பின்னேரம் போனேன். உடல் இன்னும் வந்து சேரவில்லை, வேறு ஆட்களும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தேன். பிறகு நான் எழும்பி, கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில்தான் எனக்கு உறைத்தது. இது எங்கள் ஆட்களின் வீடல்ல. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர், வந்த ஒரே ஆளும் முகம் கொடுக்காமல் போய்விட்டான் என்றல்லவா நினைத்திருப்பார்? செத்தவீட்டுக்கு உடனே திரும்பிப் போவதும் எங்களுக்குச் சரியில்லை. இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன். பிறகு போய்க் கதவைத் தட்டினேன்.

மன்னிப்புக் கேட்க என் பிரெஞ்சு போதவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். "உங்கள் வழக்கத்தை மகள் சொல்லியிருக்கிறாள். நீ பேசாமல் போனபோது, அவளை உன் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன்." கையை விடாமலே, "ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை" என்றார்.

அந்த வாசலில் நின்று, சொல்லக்கூடாததைத் தமிழிலேயே சொன்னேன். "போயிட்டு வாறன், அம்மா."

என்னவென்று கேட்டார். போய்த் திரும்பி வருவேன் என்று விளக்கினேன்.

"எப்போது?" என்றார்.

அடுத்த ஞாயிறு என்றேன். இன்று நாலாவது ஞாயிறு. கேள்வியே இல்லாத இடம் தேடிப் போன மலையக்கா எனக்கு விட்டுப்போனது தாயின் அந்தக் கேள்வியைத்தான். பதில் சொல்ல மொன்ட்ரியால்-நோர் பஸ்ஸில் ஏறுகிறேன்.