உள்ளான் கால் தோடு

உள்ளங்கையில் ஏறி நின்றால், ஈரக் குச்சிக்கு உயிர் வந்து நடப்பதுபோல் கூசும். 'உள்ளான்' என்று கறிக்குப் பிடிப்பார்களே, அந்தக் குளிர்காலப் பறவை. கண்மாயில் வலை போட்டவரிடம் அழுது அடம்பிடித்து நான் வாங்கி வந்தது. வலைக்கயிறு இறுக்கியதில் இடது காலின் நடுவிரல் கோணிப்போயிருந்தது, சிறகிலும் அடி. பங்குனி வெயிலுக்குள் அதன் கூட்டம் வடக்கே கிளம்பிவிடும், அதற்குள் இதையும் பறக்க வைத்து அவற்றோடு சேர்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர, எட்டு வயதில் எனக்கு வேறு கவலையே கிடையாது.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த என் காதுகுத்தை அந்த மாசியில்தான் வைத்தார்கள். தோடு கொண்டுவர வேண்டியவர் தாய்மாமன். அம்மாவின் தம்பியான என் மாமா, வில்லாபுரத்தில் ஒரு சந்துக்குள் உலை வைத்து வெள்ளி வேலை செய்தவர். நெற்கதிரையோ தட்டானையோ களிமண்ணில் பொதிந்து சுட்டு, உள்ளே இருந்தது சாம்பலாகிப் போன இடத்தில் வெள்ளியை ஊற்றுவார், நரம்பு நரம்பாக அச்சு அசலாக வரும். தங்கம் போட அவருக்கு வசதியில்லை என்பது தெரிந்தும் என் அப்பா, பங்காளிகள் எல்லாம் கூடியிருந்தபோது, "வெள்ளிய மாட்டிவிடத் தாய்மாமன் எதுக்கு? திருவிழாக் கடையிலயே வாங்கிக்கிருவோமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும்தான். அம்மா மட்டும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

உள்ளான் வீட்டுக்குள் தத்திப் பறக்கத் தொடங்கிய வாரம், மாமா வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் கூட்டம் கண்மாயில்தான் மேய்கிறது, தானே கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார். நம்பிக் கூடையைக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்கத் தெருவில் ஆடித் தீர்த்தேன், பைத்தியக்காரி.

காதுகுத்தன்று என்னை மடியில் உட்கார்த்திக்கொண்டு, மாமா ரோஸ் தாளைப் பிரித்து ஒரு ஜோடி வெள்ளிக் கால்களை எடுத்தார். செதிலும் நகமும் அப்படியே இருந்தன. அப்பாவே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பங்காளிகளிடம் நீட்டினார்.

"செதுக்குனா இம்புட்டு சுத்தமா வருமா மச்சான்?" என்றார் மாமா.

இடது காலின் நடுவிரல் கோணியிருந்தது.

நான் அலறினேன். ஊசி தொடும் முன்னேயே இந்தக் கூப்பாடா என்று பெண்கள் கேலி செய்தார்கள். மாமா என் தலையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அழாத தாயி. இவுங்க முன்னாடி மாமனத் தலகுனிய வச்சிராத."

குத்தினார்கள். மாட்டினார்கள். போட்டோவும் எடுத்தார்கள்.

அந்தக் கண்மாய் இப்போது வீட்டுமனை. உள்ளான் வருவதில்லை, மாமாவும் இல்லை. ஒத்தக்கடையில் என் வீட்டில், அடுத்த வாரம் என் மகளுக்குக் காதுகுத்து. அந்தத் தோட்டை விபூதி போட்டுத் துலக்கிக்கொண்டு, தன் தம்பி கைவேலையைப் பேத்தியும் ஒருநாள் போடட்டும் என்கிறாள் அம்மா. முடியவே முடியாது என்றேன். அது எதன் கால் என்பதை, இத்தனை வருஷம் கழித்து, முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மா துலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியாமயாடி இருக்கேன்? கறி ரெண்டு வாய்தான் இருந்துச்சு. வீணாக்குவானேன்னு அன்னைக்கே வறுத்து ஒனக்குத்தான் ஊட்டிவிட்டேன்."