மேனேஜ் பண்ணிடுங்க

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் சலவையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது யாருக்கும் நினைவில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நீள அறை. எல்லா வார்டுகளின் படுக்கை விரிப்புகளும் அங்கே அவள் கை வழியாகத்தான் போய் வரும். ரத்தக்கறை தனி, மருந்துக்கறை தனி என்று பிரித்துப் போட்டு, துவைத்து, உலர்த்தி, மடித்து, தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எல்லாம் நின்றபடியே செய்யும் வேலை. இரண்டு முழங்கால்களும் அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்திப் பல காலமாகிறது.

சலவைப் பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போனதும், நிர்வாக அதிகாரியே படியிறங்கி வந்தார்.

"புது ஆள் போடற வரைக்கும் கொஞ்சம் மேனேஜ் பண்ணிடுங்கக்கா."

அவர் வாயிலிருந்து அக்கா என்று வந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பொறுப்பாளரின் மேசை, தொலைபேசி, நாற்காலி எல்லாம் காலியாகக் கிடந்தன. அவள் கண் நாற்காலியிலேயே நின்றது. உட்கார்ந்து செய்யும் வேலை! அது கிடைத்தால் மகள் படித்து முடிக்கும்வரை ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் முழங்கால்களே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அன்றிலிருந்து மேனேஜ் பண்ணினாள். உலர்த்தும் இயந்திரம் படுத்துக்கொண்டபோது, ஈர விரிப்புகளை மொட்டை மாடிக்குச் சுமந்து காயப்போட்டாள். சோப்புத்தூள் வராத வாரம் சமையலறையில் கெஞ்சி வாங்கினாள். இஸ்திரி போடுகிறவள் பிரசவத்துக்குப் போனாள். அந்த வேலையும் இவள் தலையில் விழுந்தது. ஆனாலும் ஒரு நோயாளிகூட வெறும் மெத்தையில் படுக்கவில்லை. மேலே ஒரு புகார் போகவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போகப் போக அந்தச் சொல்லின் குணமும் அவளுக்குப் பிடிபட்டது. அது கூரைத் தண்ணீர் மாதிரி, மேலிருந்து கீழேதான் வரும். இயந்திரத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி இவள் கேட்டால், "சரி, நான் மேனேஜ் பண்றேன்" என்று அதிகாரி ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டிலும் அதே கதைதான். புருஷன் சோபாவை விட்டு எழாமலே, "நீதான் மேனேஜ் பண்ணிடுவியே" என்பார். ஏதோ பட்டம் கொடுப்பதுபோல!

மகள் கல்லூரியில் ஆங்கிலம் படித்தாள். ஒரு சாயங்காலம், அம்மாவின் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, உன் வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?"

"எனக்குன்னு ஏதுடி வார்த்தை?"

"அதாம்மா, மேனேஜ். லத்தீன்ல கைக்கு ஒரு சொல் இருக்கு. அதுலேருந்துதான் கிளம்புதாம். இத்தாலிக்காரங்க குதிரையைக் கையால பழக்கி ஓட்டறதுக்கு அதை வச்சுக்கிட்டாங்க. அப்படியே இங்கிலீஷுக்கு வந்து, ஆளுங்களை நடத்தறது, ஆபீஸை நடத்தறதுன்னு ஆயிடுச்சு. ஒண்ணுமே இல்லாம சமாளிக்கிறோமே, அந்த அர்த்தமெல்லாம் பின்னாடி வந்ததுதான்."

"அப்ப நான் குதிரைக்காரியா?"

"கடிவாளத்தை எங்க வச்சிருக்கே?" என்றார் சோபாவிலிருந்து புருஷன்.

மூவரும் சிரித்தார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குதிரை ஓட்டுகிறவர்கள் உட்கார்ந்துதானே ஓட்டுகிறார்கள் என்றும் தோன்றியது.

அந்தத் தைரியத்தில் மறுநாளே மேலே போய் அதிகாரியின் முன்னால் நின்றாள்.

"சார், அந்தப் பொறுப்பாளர் வேலை... எனக்கே குடுத்தீங்கன்னா..."

"அந்தப் போஸ்ட்டையே எடுத்தாச்சேக்கா!" அவர் சந்தோஷமாகவே சொன்னார். "பொறுப்பாளர் இல்லாம எப்படிப் போகுதுன்னு மீட்டிங்ல கேட்டாங்க. ஒரு புகார் இல்லைன்னேன். அப்புறம் எதுக்கு ஒரு ஆளுன்னுட்டாங்க. எல்லாம் உங்களாலதான். உங்களை ரொம்பப் பாராட்டினாங்க."

"அந்த உலர்த்தற மெஷினு சார்?"

"மாடியில நல்லாத்தானே காயுது?"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரே ஒரு நாள், வசதியான நோயாளி எவனாவது வெறும் மெத்தையில் படுத்துக் கத்தியிருந்தால், அந்த நாற்காலி இன்றைக்கு அவளுடையது. கத்த விடாமல் பார்த்துக்கொண்டது அவளேதான். யாரும் அவளை ஏமாற்றவில்லை என்பதுதான் அதிகம் வலித்தது. குதிரைக்காரியாம்! குதிரை எது என்பது இப்போது விளங்கியது. அதுவும் எவ்வளவு நன்றாகப் பழகிய குதிரை!

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் தடுக்கவில்லை. தொலைபேசி அடித்தது. மேல்மாடி வார்டின் நர்ஸ்.

"அக்கா, திடீர்னு நிறைய பேர் அட்மிட் ஆயிட்டாங்க. விரிப்பு போதலை. எப்படியாவது மேனேஜ் பண்ணிடுங்க."

"முடியாதும்மா."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு.

"போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்! சீக்கிரம் அனுப்பிடுங்க, என்ன?"

நர்ஸ் போனை வைத்துவிட்டாள். இவளும் ரிசீவரை வைத்தாள். மேலே யாரோ ஒரு நோயாளி விரிப்பில்லாத படுக்கையின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். மேசை விளிம்பில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். விரிப்புகளை எடுத்துவர மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.