கரும்பு டிராக்டரும் கண்ணாடி ஜன்னலும்

இதை நான் எழுதலாமா என்று இன்னும் தயக்கமாகத்தான் இருக்கிறது. பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் அதிகமாக எழுதியது பைக் நம்பர் பிளேட்டில்தான். நாலு பேர் கூடினால் கதவோரமாக நிற்பவள். எங்கள் கடையில் ஜன்னல் ஃபிலிம் வேலை பழக இப்போது இரண்டு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்று கேட்டால் எனக்குப் பாதிதான் சொல்ல வருகிறது. "வாயில வராதத பேப்பர்ல எழுதிக் குடும்மா, நான் ஜெராக்ஸ் போட்டுத் தரேன்" என்றார் எங்கள் முதலாளி. அவரைக் கடையில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அதிகப்பிரசங்கித்தனமாக எங்காவது தெரிந்தால் அவரைத் திட்டுங்கள்.

சோப்புத் தண்ணீர்

எங்களுடையது கள்ளக்குறிச்சியில் ஸ்டிக்கர் கடை. ஒரு காலத்தில் கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதுதான் பெரிய வேலை. கார்களுக்கு அதை ஒட்டக் கூடாது என்று ஆன பிறகு பாய் சில நாள் கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஊரில் புது வீடுகளில் எல்லாம் மரக்கதவு போய், இழுத்துத் திறக்கும் பெரிய கண்ணாடி ஜன்னல் வந்துவிட்டது. கண்ணாடி வைத்துக் கட்டிவிட்டு, குடிவந்த முதல் நாளே உள்ளே பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

முதலில் பையன்களைத்தான் அனுப்பினார். பெட்ரூமுக்குள் அந்நிய ஆள் நுழைந்தால் வீட்டுப் பெண்கள் வேலை முடியும்வரை வெளியே நிற்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் குளியலறை ஜன்னலுக்கு ஆளே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குப் பாய், ஸ்டிக்கர் எழுத்து வெட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "எம்மா, கத்தரிக்கோல வெச்சிட்டு வா. கண்ணாடி கழுவத் தெரியுமில்ல?" அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடியைத் தூசி இல்லாமல் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாக அடிக்க வேண்டும். ஃபிலிமின் பின்தாளை உரித்து, பசை உள்ள பக்கத்திலும் தண்ணீர் அடித்து, கண்ணாடியில் வழுக்கி நகர்த்தி இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி, பிளேடால் ஓரம் வெட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் குமிழி நிற்கும். பூக்கண்ணாடியில், அதாவது மேடு பள்ளம் உள்ள கண்ணாடியில், என்ன செய்தாலும் ஒட்டாது. இவ்வளவுதான்.

எதை ஒட்டுவது என்பதுதான் கஷ்டம். ஃப்ராஸ்ட் என்பது பால் வெள்ளை. ராத்திரி பகல் எப்போதும் மறைக்கும், ஆனால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. மிரர் என்பது வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். பகலில் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். உள்ளே லைட் போட்டு வெளியே இருட்டிவிட்டால் கதை தலைகீழ். தெருவுக்கே நம் வீடு சினிமாக் கொட்டகை.

என் கூச்சம் இந்த ஓர் இடத்தில் உதவியது. எந்த வீட்டுக்குப் போனாலும், இங்கே உட்கார்ந்தால் என்னை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் டேப் எடுக்கும் முன்பு அந்த வீட்டுப் பெண் உட்காரும் இடத்தில் நான் உட்காருவேன். வீட்டு ஆள் ஒருவரை வெளியே போய் நிற்கச் சொல்வேன். அவருக்கு நான் தெரியாமல் போகும் உயரம் வரைக்கும் ஃபிலிம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வெள்ளிமலைக் குருவி

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு டீச்சர் வீட்டுக்கு மிரர் ஒட்டினேன். மறுவாரம் போன் வந்தது. ஒரு கொண்டைக்குருவி விடிந்ததும் வந்து, ஜன்னலில் தெரியும் தன்னையே வேறு குருவி என்று நினைத்துக் கொத்துகிறதாம். உள்ளே டீச்சர் காபி குடித்துக்கொண்டு சண்டையைப் பார்க்கிறாராம். "எடுத்துடட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "வேணாம்மா, அதுங்கள்ல யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாக்கணும்" என்றார். முட்டை வைக்கும் காலம் முடிந்ததும் குருவியே போய்விட்டது. மிரருக்கு வெளியே நிற்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் அந்தக் குருவி மாதிரிதான். உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.

மூங்கில்துறைப்பட்டு ஜன்னல்

நான் எழுத நினைத்தது இதைத்தான்.

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலைக்குப் போகும் ரோட்டில் அலமேலு அக்கா வீடு. கரும்பு விவசாயிகள். மகள் கௌசல்யா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு ஒதுக்கிய அறையின் ஜன்னல் நேராக ரோட்டைப் பார்த்தது. அதற்குத்தான் கூப்பிட்டார்கள்.

அலமேலு அக்காவுக்கு முழு ஜன்னலும் வெள்ளையாக வேண்டும். கௌசல்யா கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி, "பெத்த பொறவு மூணு மாசம் இதே ரூம்ல கெடக்கணும். நான் செவத்தையே பாத்துக்கினு இருக்கணுமா?" என்றாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். தெருவில் நடப்பவரின் கண் உயரம் வரை ஃப்ராஸ்ட், மேலே வெறும் கண்ணாடி. வானம், வெளிச்சம், மரம் எல்லாம் தெரியும்.

வழக்கம்போல நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அக்கா ரோட்டுக்குப் போய் எம்பி எம்பிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் நல்ல உயரம். அவரையும் நிறுத்தினோம். அவர் கண்ணுக்கு மேலே நாலு விரல் விட்டுக் கோடு போட்டேன். ஒட்டி முடித்ததும் அக்கா வாய் நிறையச் சிரித்து, மோர் கொடுத்து அனுப்பினார்.

அப்போது ஆலையில் அரவை தொடங்கவில்லை. ரோடு காலியாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. அரவையும் தொடங்கியது. ஆலைக்கு வெளியே கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையின் வால் அக்கா வீட்டைத் தாண்டியும் நீண்டது. டிராக்டர் டிரைவர் உட்காரும் உயரம் தெரியும் அல்லவா? என் ஃப்ராஸ்டுக்கு மேலே, பால்கனி டிக்கெட் எடுத்த மாதிரி. வருஷா வருஷம் அதே டிராக்டரில் ஏறி அதே வரிசையில் நின்ற மனிதர்தான் அக்கா வீட்டுக்காரர். அவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லோரும் தரையில் நின்றே யோசித்திருக்கிறோம்.

வரிசை வந்து நின்ற முதல் நாள் கௌசல்யா அசந்து தூங்கிவிட்டாள். வெளியே ஒரு டிரைவர் ஹார்ன் அடித்து, "எக்கா, தொட்டில்ல பாப்பா முழிச்சிக்கிச்சு, தூக்குங்க" என்று குரல் கொடுத்திருக்கிறார். நல்ல மனசுதான். அலமேலு அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டார். அன்று மாலையே எனக்குப் போன்.

நான் போனபோது அக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் பழையபடி பெட்ஷீட். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பயந்து போயிருந்தார். விஷயம் ஜன்னலோடு நிற்கவில்லை. தியாகதுருகத்துச் சம்பந்தியம்மா, அதாவது கௌசல்யாவின் மாமியார், கண்டிப்பான மனுஷி. ரோட்டோர வீட்டில் பச்சைப்பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று கல்யாணத்தின்போதே கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்க வருகிறார். அறை திறந்த வெளியாக இருந்தால் அன்றைக்கே மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாராம்.

"முழுசா வெள்ள அடிச்சிடு தங்கச்சி. என் பொண்ணு என்கூட இருந்தா போதும்" என்றார் அக்கா.

கௌசல்யா ஒன்றும் பேசவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பேசியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு வெள்ளை ஒட்டியிருப்பேன். பேசாமல் இருந்ததால்தான் நான் பேசினேன். பழைய ஃபிலிமை உரித்துவிட்டு முழுக்க மிரர் ஒட்டலாம் என்றேன். பகலில் டிரைவர் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தாலும் அவர் மூஞ்சிதான் அவருக்குத் தெரியும். ராத்திரிக்குக் கெட்டித் திரை. எப்போது இழுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். அக்கா சாமி விளக்கு ஏற்றும் நேரம் எதுவோ, அதுதான் திரை இழுக்கும் நேரம்.

அக்கா யோசித்தார். "மிரர்ன்னா, வெளியேர்ந்து பாத்தா மொகம் பாக்குற கண்ணாடி மாதிரி இருக்குமா?"

"ஆமாங்கக்கா."

"அப்போ கண்ணு வெச்சா வெச்சவனுக்கே திரும்பிப் போவும்" என்றார். எங்கள் பக்கம் திருஷ்டிக்கு வாசலில் சின்னக் கண்ணாடி மாட்டுவது உண்டு. ஜன்னல் முழுக்க மாட்டினால் இன்னும் நல்லதுதானே என்று அவருக்குப் பட்டுவிட்டது. நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

கடையில் அந்த அகலத்துக்கு மிரர் ரோல் இல்லை. பாய் சொல்லி, சனிக்கிழமைதான் பஸ் பார்சலில் வந்தது. ஆகவே பேர் வைக்கும் ஞாயிறு காலையிலேயே நான் அங்கே நின்று, பழைய ஃபிலிமை உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா கெட்டித் திரையும் வாங்கி மாட்டி, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். வீட்டில் கேசரி வாசனை. மதியம்தான் வருவார்கள் என்றார்கள்.

மிரரை ஒட்டி, தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பலன் தெரிந்தது. வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர் எங்கள் ஜன்னலைப் பார்த்து மீசையை முறுக்கினார். திருப்தி இல்லை போலிருக்கிறது, எச்சில் தொட்டு மறுபடி முறுக்கினார். அடுத்த டிராக்டர்காரர் பல் இடுக்கில் இருந்த கரும்பு நாரை எடுத்தார். கௌசல்யா தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அக்கா எட்டிப் பார்த்து, "இவன் நம்ம பங்காளி பையன்டி, இன்னா அழகு பாத்துக்கிறான்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். கேசரி கொஞ்சம் அடிப்பிடித்தது.

அப்போது வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. சம்பந்தியம்மா முன்னதாகவே வந்துவிட்டார். கூட வந்தவர்கள் தட்டு, பை எல்லாம் இறக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் படியேறி ஜன்னலுக்கு எதிரில் நின்றார். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பொட்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். முகம் கண்டிப்பாகத்தான் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சம்பந்தியம்மா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்தார். கண்ணாடியைப் பார்த்து அதை மெதுவாக ஆட்டினார். கண்ணை உருட்டினார். சரியாக வரவில்லை. உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, மறுபடி ஆட்டினார். பேத்தியைச் சிரிக்க வைக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி கனம்தான். கௌசல்யாவின் வாய் திறந்தபடி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்றுதான் தோன்றியது. புது ஃபிலிமில் துணி படக் கூடாது, தண்ணீர் காய வேண்டும் என்பது என் சட்டம். அதையும் மறந்து திரையை இழுத்துவிட்டேன்.

அவர் உள்ளே வந்தார். முகத்தில் பழைய கண்டிப்பு. குழந்தையைப் பார்க்கும் முன்பே ஜன்னலைப் பார்த்தார். "திரைய எடு" என்றார். எடுத்தேன். வெளியே அடுத்த டிராக்டர் டிரைவர் நேராக எங்களைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா சட்டென்று பின்வாங்கினார். அந்த ஆள் சீப்பை ஊதிவிட்டு மறுபடி வாரினார். பார்த்துக்கொண்டே இருந்த சம்பந்தியம்மாவுக்கு மெல்லப் புரிந்தது. முதலில் டிரைவருக்கு நாங்கள் தெரியவில்லை என்பது. அடுத்து, சற்று முன் தான் நின்ற இடம் எது என்பது.

"அப்போ என்னைய பாத்துக்கினு இருந்தீங்களா எல்லாரும்?"

கௌசல்யாதான் சொன்னாள். "பொட்டு சரி பண்ணதுதான் தெரிஞ்சிது அத்த. அதுக்குள்ள இந்த அக்கா திரைய இழுத்துட்டாங்க."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். திரைத்துணியில் சோப்புத் தண்ணீர் நனைந்து பெரிய வட்டமாக இருந்தது. ஃபிலிமின் ஓரத்தில் துணி உரசிய சுருக்கம். ஒட்டுகிற ஆள் தன் வேலையையே கெடுத்துக்கொண்டு திரை இழுத்தது எதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மடியிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்தார். குழந்தையின் முன்னால் குனிந்து, எங்கள் எல்லோர் எதிரிலும் கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பினார். குழந்தை சிரிக்கவில்லை, கொட்டாவி விட்டது. மற்ற எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவரும் சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடியே அலமேலு அக்காவிடம் சொன்னார்: "இங்கியே இருக்கட்டும். அஞ்சாம் மாசம் வந்து கூட்டிக்கினு போறேன். ஆனா வெளக்கு வெச்சா திரைய இழுத்துடணும், ஆமா." அக்கா சமையலறைக்குப் போய்த்தான் கண்ணைத் துடைத்தார். கௌசல்யா என்னிடம் ஒரு கிண்ணம் கேசரியை நீட்டினாள். அடிப்பிடித்த பாகம்தான். நான் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு நல்ல கேசரி சாப்பிட்டதில்லை.

சுருங்கின ஓரத்தை மறுபடி நனைத்துச் சரி செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நான் சொல்வது இரண்டுதான். ரோடு காலியாக இருக்கும்போது அளவெடுத்தால், நிறைந்திருக்கும்போது யார், எவ்வளவு உயரத்தில் வருவார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, மிரர் ஒட்டும் வீட்டில் திரையும் போடச் சொல்லுங்கள். ராத்திரியில் அது உள்ளே இருப்பவருக்கு. பகலில் சில நேரம் வெளியே நிற்பவருக்கும் அது தேவைப்படும்.

மறுநாள் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு குளியலறை ஜன்னலுக்குப் போனேன். பூக்கண்ணாடி. ஒட்டாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.