கண்ணில் விழுந்த பசை

எண்பதுகளின் நடுவில் நாங்கள் குழந்தைகளோடு கல்கத்தா பெஹாலாவில் குடியிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் கண்வலி. அங்கே அதை 'ஜொய் பாங்ளா' என்பார்கள். எனக்கும் வந்து இரண்டு கண்ணும் சிவந்துவிட்டன. என் கணவர் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டிலிருந்து வந்ததும் சொட்டு மருந்து விடுவார்.

அன்று சாயங்காலம் லோட்ஷெடிங், கரண்ட் இல்லை. அவர் இருட்டிலேயே அலமாரியைத் துழாவி, "அண்ணாந்து பாரு" என்றார். வலது கண்ணில் ஒரு சொட்டு விழுந்தது. நெருப்பாய் எரிந்தது. இறுக மூடினேன். பிறகு திறக்க வரவில்லை.

"ஏங்க, என்ன விட்டீங்க? இமை ஒட்டிக்கிச்சு."

அவர் தீக்குச்சியைக் கிழித்தது கேட்டது. "ஐயோ, இது பசை" என்றார். அவர் கையில் இருந்தது, அறுந்த செருப்பை ஒட்ட வாங்கிய பசை. அதை விற்றவன் இரண்டு இரும்பு வில்லைகளை ஒட்டி, பிரித்துப் பாருங்கள் என்று நீட்டியிருந்தான். இவர் மூச்சைப் பிடித்து இழுத்தும் அவை பிரியவில்லை.

நான் இமையைப் பிய்க்கப் போனேன். என் குரல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு வங்காளி தீதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேனோ நா, பௌதி. இழுக்காதே." டாக்ஸியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் கையை விடவில்லை. அவர் முன்சீட்டில் வந்தார்.

டாக்டரம்மா இமை மயிர்களைக் கத்தரித்தார். கத்தரியின் சத்தம் மூளைக்குள் கேட்டது.

"பார்வை இருக்குமா?" என்று கேட்டேன்.

"திறந்தால்தான் சொல்ல முடியும். பலவந்தம் செய்யக் கூடாது. ஈரப் பஞ்சு வையுங்கள். தானாக விடும்."

வீட்டில் இடது கண்ணும் வீங்கி மூடிக்கொண்டது. பாத்திரம் உருண்டால்கூடத் திடுக்கிட்டேன். மூடிய இமைக்குள் கருவிழியும் பசையும் ஒன்றாய் இறுகிவிட்டதாகவே தோன்றும். குழந்தைகளின் முகங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் டியூட்டிக்குப் போகாமல் பஞ்சை நனைத்து நனைத்து வைத்தார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கண்ணோரம் ஏதோ உதிர்ந்தது. கண்ணாடிச் சில் மாதிரி ஒரு பொருக்கு. இமை மெல்லப் பிரிந்தது. ஒரே வெளிச்சம், கண்ணீர். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தவர் கலங்கலாகத் தெரிந்தார்.

"ஏங்க," என்று எழுப்பினேன். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.