தொண்ணூற்றொன்பது போதும், அத்தான்

போன ஞாயிறு, சிங்கப்பூருக்கு அக்கரையில் இருக்கும் மாசாயில், அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தான் போனில் கெஞ்சுவது கேட்டது.

"லைன் பிரச்சினைலா, மச்சான். என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

அத்தான் பாசிர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிறு நாலு மணி என்றால், குளுவாங்கில் கூடப் படித்த மூன்று நண்பர்களோடு கணினியில் துப்பாக்கிச் சண்டை. ஒருவர் காஹாங்கில், இருவர் சிங்கப்பூரில். நேரில் பார்த்துக்கொள்வது தீபாவளிக்குத்தான். பிள்ளைகளின் படிப்பு, முதுகுவலி, முதலாளி... எல்லாவற்றையும் சுட்டுக்கொண்டே பேசி முடிப்பார்கள்.

கொஞ்ச காலமாக, சண்டை முற்றும் நேரத்தில் அத்தானின் திரை மட்டும் தத்தித் தத்தி நகர்கிறது. அணி தோற்கிறது. அன்று போனில் காஹாங் நண்பர் சொல்லியேவிட்டார் – இன்றைக்கும் இப்படியென்றால் அடுத்த வாரம் வேறு ஆள்.

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

தொழிற்சாலையில் மின்பலகைகளைப் பராமரிப்பது என் வேலை. அங்கே எங்கள் முதல் விதி: அளந்து பார்க்காமல் எதையும் கழற்றாதே. விளையாட்டை ஓடவிட்டு, திரை ஓரத்தில் வெப்பநிலையைக் காட்டச் சொன்னேன். இணையத்தில் கோளாறு இல்லை. பிராசஸர்? தொண்ணூற்றெட்டு டிகிரி.

"அத்தான், பிரச்சினை லைன்ல இல்ல. சூடு."

"சூடா இருந்தா நல்லா உழைக்குதுன்னுதானே அர்த்தம்?"

"ரொம்ப சூடானா, வெந்து போகாம இருக்க அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். திரை தத்துறது அதனாலதான்."

மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியைத் திறந்தேன். பிராசஸர் மேலிருந்த விசிறிக்கு அடியில், உலோகத் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. வெறும் தூசி பிரஷ்ஷுக்கு உதிர்ந்துவிடும். இது பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன்.

"அக்கா, இதுக்குள்ள சாம்பிராணி வாசம் வருது."

"வரும்லா. வெள்ளிக்கிழமை சாமிக்குக் காட்டிட்டு, பொட்டிக்கும் தனியா காட்டுறேன்."

"பொட்டிக்கு எதுக்கு?"

"கண்ணு பட்டிருக்குன்னு இவருதானே சொன்னாரு. திக்குறது ஜாஸ்தியாச்சு, நானும் புகையை ஜாஸ்தியாக்கினேன்."

"அலமாக், தப்பாப் போச்சே," என்றார் அத்தான் மெதுவாக. "நான் சும்மா சொன்னேன்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எதைச் சொன்னாலும் அதே மூஞ்சிதான்."

தகடுகளைச் சுத்தம் செய்தேன். பிராசஸரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்தது; அதைத் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவு வைத்தேன். (அந்தப் பசை எப்போதும் என் கைப்பையில் இருக்கும். லிப்ஸ்டிக் இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை.)

அடுத்தது பவர் செட்டிங். ஏதோ வீடியோ பார்த்து, அத்தான் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருந்தார். பிராசஸரின் அதிகபட்ச அளவை நூறு சதவீதத்திலிருந்து தொண்ணூற்றொன்பது ஆக்கினேன். அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்குப் போய் குறைக்கிறியே?"

"நூறு வச்சா, நடுநடுவுல தன் சக்திக்கு மீறி ஓடும். சூடாகும். அப்புறம் படுத்துக்கும். தொண்ணூத்தொன்பதுன்னா அந்தப் பாய்ச்சல் இல்ல. ஒரே சீரா ஓடும்."

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் அளப்பது, பிறகு சுத்தம், கடைசியில்தான் செட்டிங். நாமோ முதலில் செட்டிங்கில் கை வைப்போம், பிறகு லைன்காரரைத் திட்டுவோம். கம்பளி போர்த்திய விசிறியை யார் பார்ப்பது? மனிதர்களிடமும் அதேதான் – ஓய்வே கொடுக்காமல் நூறு கேட்கிறோம், எழுபதுதான் வருகிறது.

நாலு மணி. அத்தான் உட்கார்ந்தார். அக்கா, கேட்காமலேயே, சாம்பிராணிக் கரண்டியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். வெப்பநிலை எழுபது டிகிரியைத் தாண்டவில்லை. திரை எண்ணெய் விட்டதுபோல் நகர்ந்தது. முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம்... ஒரு தத்தல்கூட இல்லை.

இரண்டிலும் தோற்றார்கள். இரண்டிலும் முதலில் செத்தது அத்தான்.

ஸ்பீக்கரில் காஹாங் நண்பரின் சிரிப்பு. "டேய், இத்தனை நாளா மெஷினையில்ல சந்தேகப்பட்டோம். பாவம்டா அது."

"அப்ப அடுத்த வாரம்?" என்றார் அத்தான்.

"நாலு மணிக்கு வந்து சேரு. தோக்குறதுன்னா உன்னோடயே தோத்துக்கிறோம்."

சுத்தம் செய்த கணினியில் ஒரே ஒரு தொல்லை – அதன்பிறகு தோற்றால், தோற்றது நாம்தான்.